ஐந்தாவது கம்பி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் கிட்டாரைக் கேட்டே இந்த வாத்தியத்தின் மேல் ஆசை வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நாலு கம்பியில் கை பழகி, மெல்லிசை மேடையிலோ தேவாலயத்திலோ வாசிக்கத் தொடங்கியதும் அவர்கள் முன் வந்து நிற்கும் கேள்வி: ஐந்து கம்பிக்கு மாறலாமா? கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சிலர் பயமுறுத்துவார்கள், சிலர் ஆசை காட்டுவார்கள். பல வருடம் தோளில் தொங்கப்போகும் வாத்தியத்தைச் செவிவழிச் செய்தியை நம்பி வாங்கவும் கூடாது, வேண்டாமென்று ஒதுக்கவும் கூடாது. அடிக்கடி காதில் விழும் ஆறு நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஐந்து கம்பி என்பது சமீபத்திய மோகம்.

உண்மை: ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. அதே நிறுவனம் 1965-லேயே 'பேஸ் ஃபைவ்' என்ற ஐந்து கம்பிக் கிட்டாரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதில் கூடுதலாக இருந்தது கீழ்க் கம்பி அல்ல, மேலே ஒரு 'சி' கம்பி. ஃபிரெட்டுகளும் 15 மட்டுமே. பெரிய வரவேற்பில்லாமல் 1970-ல் அது நின்றுபோனது.

இன்று நாம் ஐந்து கம்பி என்று சொல்வது, வழக்கமான ஈ, ஏ, டி, ஜி கம்பிகளுக்குக் கீழே தடித்த 'பி' கம்பி சேர்ந்த அமைப்பை. 1970-களின் நடுவில் ஜிம்மி ஜான்சன் அலெம்பிக் நிறுவனக் கிட்டாரில் இந்த அமைப்பை வாசிக்கத் தொடங்கினார். 1975-ல் ஆண்டனி ஜாக்சனுக்காக கார்ல் தாம்ப்சன் ஆறு கம்பி பேஸே செய்துகொடுத்தார். 1980-களில் சிந்தசைசர் பேஸ் பாட்டுகளை ஆக்கிரமித்தது. கீபோர்டுக்காரர் இடது கையால் 'ஈ'-க்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கிப் போனார். கிட்டார்க்காரருக்கும் அந்தச் சுரங்கள் தேவைப்பட்டன. 1987-ல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே ஃபைவ் வந்தது. இதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஐந்து கம்பி டபுள் பேஸ் இருக்கிறது. ஐந்தாவது கம்பி வந்தது இசையின் தேவையால்தான்.

நம்பிக்கை 2: கூடுதலாகக் கிடைப்பது அஞ்சே அஞ்சு சுரம். அதற்கு இவ்வளவு செலவா?

உண்மை: புதிதாகக் கிடைக்கும் சுரங்கள் ஐந்துதான்: பி, சி, சி ஷார்ப், டி, ஈ ஃபிளாட். ஆனால் பெரிய லாபம் அதுவல்ல, கை ஓடியாட வேண்டிய தேவை குறைவதுதான்.

உங்கள் கையில் ஐந்து கம்பி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். 'பி' கம்பியில் 5-வது ஃபிரெட்டில் 'ஈ' இருக்கிறது. அங்கிருந்து ஈ மேஜர் ஸ்கேலைத் தொடங்குங்கள். 'பி' கம்பியில் 5, 7, 9. 'ஈ' கம்பியிலும் 5, 7, 9. 'ஏ' கம்பியில் 6, 7, 9. 'டி' கம்பியில் 6, 7, 9. 'ஜி' கம்பியில் 6, 8, 9. முழுசாக இரண்டு ஸ்தாயி முடிந்துவிட்டது, கை ஐந்து ஃபிரெட்டைத் தாண்டவே இல்லை. நாலு கம்பியில் இதே ஸ்கேலுக்கு ஓப்பன் 'ஈ'-யில் தொடங்கி 9-வது ஃபிரெட் வரை கை மேலேற வேண்டும்.

பாடகர் தன் குரலுக்காக மேடையிலேயே சுருதியை மாற்றும்போது இதன் அருமை தெரியும். எஃப்-ல் இருந்த பாட்டை ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால், நாலு கம்பிக்காரர் ஆதார சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தாக வேண்டும், பாட்டின் அடித்தளம் மெலியும். ஐந்து கம்பிக்காரர் அதே விரலமைப்பை இரண்டு ஃபிரெட் கீழே நகர்த்தினால் போதும்.

நம்பிக்கை 3: மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும்.

உண்மை: இடது கைக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையேயான சுர இடைவெளி மாறவில்லை. அதனால் தெரிந்த ஸ்கேல்களும் ஆர்பெஜியோக்களும் அதே வடிவத்தில் 'பி' கம்பிக்கும் பொருந்தும். முதல் சில நாட்களில் ஒரு தடுமாற்றம் வரும். ஓரத்துக் கம்பி என்றால் 'ஈ' என்று கைக்குப் பழகியிருக்கும். 'ஜி' வேண்டி 3-வது ஃபிரெட்டை அழுத்தினால், கை 'பி' கம்பிக்குப் போயிருக்கும், 'டி' ஒலிக்கும். மெதுவான பாட்டுகளை வாசித்துவர இது சரியாகிவிடும்.

உண்மையான வேலை கம்பியை அடக்குவதில் இருக்கிறது. ஆம்ப்பில் செருகி, 'ஏ' கம்பியின் 2-வது ஃபிரெட்டில் இருக்கும் 'பி'-யை பலமாக வாசித்து, உடனே அந்தக் கம்பியை நிறுத்திப் பாருங்கள். நீங்கள் தொடவே தொடாத 'பி' கம்பி மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஒத்த அதிர்வு அதைத் தானாகவே எழுப்பிவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. டிரம்ஸோடு சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது பாட்டு முழுவதும் அடியில் ஒரு குழப்பமான உறுமலாகச் சேரும். ஐந்து கம்பி வாசிப்பு தெளிவாக இல்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வழி எளிது. வலது கைக் கட்டைவிரலை பிக்கப்பின் மேல் நிரந்தரமாக ஊன்றும் பழக்கத்தை விட வேண்டும். 'ஈ' கம்பியை வாசிக்கும்போது கட்டைவிரல் 'பி' மேல் இருக்கட்டும். 'ஏ' கம்பிக்குப் போகும்போது 'ஈ' மேல் நகர்ந்து, அதன் பக்கவாட்டால் 'பி'-யையும் தொட்டுக்கொண்டிருக்கட்டும். 'டி', 'ஜி' கம்பிகளுக்குப் போகும்போதும் இதேபோல் கூடவே நகரட்டும். மேல் கம்பிகளை இடது கை விரல்கள் லேசாகப் படுத்து அடக்கும். தினமும் கொஞ்ச நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

நம்பிக்கை 4: 34 அங்குல ஸ்கேலில் 'பி' கம்பி தொளதொளவென்றுதான் இருக்கும், 35 அங்குலம் கட்டாயம்.

உண்மை: இங்கே ஸ்கேல் என்பது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான கம்பியின் நீளம். அந்த நீளம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. ஒரே கம்பியை ஒரே சுரத்துக்கு முறுக்கினால், இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 34 அங்குலம் 35 ஆனால் கூடுவது சுமார் 6 சதவீதம். கம்பியின் தடிமனை 0.125 அங்குலத்திலிருந்து 0.130 ஆக்கினால் சுமார் 8 சதவீதம் கூடும். புதுக் கிட்டார் வாங்காமலே, புதுக் கம்பி மாட்டியே அதைவிட அதிகம் பெறலாம்.

பொதுவாக 0.105 அங்குல 'ஈ' கம்பியோடு 0.130 அங்குல 'பி' வருகிறது. இரண்டிலும் ஒரே இழுவிசை வேண்டுமென்றால் 'பி' கிட்டத்தட்ட 0.140 இருக்க வேண்டும். அதனால்தான் அது கொஞ்சம் தளர்வாகத் தோன்றுகிறது. அதற்காகக் கம்பியைத் தடிமனாக்கிக்கொண்டே போகவும் முடியாது. விறைப்பு கூடி, மேல் ஃபிரெட்டுகளில் சுரம் மங்கும். நெக்கின் உறுதியும், நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பி படிந்து உட்காரும் விதமும் ஒலியை மாற்றும். புதுக் கம்பியை மாட்டியதும் அந்த இரண்டு இடங்களிலும் விரலால் அழுத்திப் படியவைப்பது சிறிய வேலை, பலன் பெரிது.

கடையில் சோதிக்க ஒரு வழி: ஓப்பன் 'ஈ'-யையும் 'பி' கம்பியின் 5-வது ஃபிரெட் 'ஈ'-யையும் மாறி மாறி வாசியுங்கள். இரண்டும் ஒரே குடும்பத்துக் குரல் போலக் கேட்டால் அது நல்ல கிட்டார்.

நம்பிக்கை 5: 'பி' கம்பியை வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

உண்மை: ஓப்பன் 'ஈ' சுமார் 41 ஹெர்ட்ஸ், ஓப்பன் 'பி' சுமார் 31 ஹெர்ட்ஸ். பல பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் 'ஈ'-யின் அடிப்படை அதிர்வையே முழு பலத்தோடு தருவதில்லை. நாம் பெரும்பாலும் கேட்பது அதன் மடங்குகளை. 'பி'-க்கு அவை 62, 93 ஹெர்ட்ஸ் என்று போகின்றன. அவற்றை வைத்தே அடிச் சுரம் எது என்று நம் மூளை கண்டுகொள்கிறது. ஸ்பீக்கரைக் கெடுப்பது கம்பி அல்ல. ஆம்ப்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகி, தாங்காத சத்தத்தில் வைப்பதுதான். அடி அதிர்வு போதவில்லை என்று தோன்றினால் நடு அலைவரிசையைக் கொஞ்சம் கூட்டுங்கள், சுரம் துலங்கும்.

நம்பிக்கை 6: சின்னக் கைக்கு ஆகாது. பெரிய வித்வான்களுக்குத்தான் ஐந்து கம்பி.

உண்மை: 1950-களின் நாலு கம்பி பிரிசிஷன் பேஸின் நட் அகலம் 44.5 மில்லிமீட்டர். ஸ்டிங்ரே ஃபைவின் நட் அகலமும் அதேதான். கம்பிகளின் நெருக்கம் மாடலுக்கு மாடல் வேறுபடும், ஆகவே வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள்.

திறமைக்கும் கம்பி எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. மோட்டவுன் இசையைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன், ஜேக்கோ பாஸ்டோரியஸ், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் எல்லாரும் பெயர் வாங்கியது நாலு கம்பியில்தான். மாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்றே: நீங்கள் வாசிக்கும் பாட்டுகள் அந்தச் சுரங்களையோ அந்த வசதியையோ கேட்க வேண்டும். சுருதி அடிக்கடி மாறும் மேடையிலும், சிந்தசைசர் பேஸில் பதிவான பாட்டுகளை வாசிக்கும் குழுவிலும் இருப்பவர்கள் தயங்காமல் மாறலாம். அப்படித் தேவை இல்லாதவர்கள் அந்தப் பணத்தில் கையிலிருக்கும் நாலு கம்பிக்கு நல்ல செட்டப்பும் புதுக் கம்பிகளும் வாங்கினால், இந்த வாரமே வாசிப்பு மேம்படும்.