புரியாத லத்தீன் எதற்கு?

கேள்வி: பக்க வடிவமைப்பு மாதிரிகளில் ‘லோரம் இப்சம்’ என்று ஏதோ லத்தீன் வரிகள் இருக்கின்றனவே, ஏன்?

பதில்: புரிகிற வாசகம் இருந்தால் வாடிக்கையாளர் எழுத்தின் அளவையும் பத்தியின் அகலத்தையும் பார்க்காமல் பிழைதிருத்த உட்கார்ந்துவிடுவார். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. கி.மு. 45-இல் ரோமானியர் சிசரோ எழுதிய அறநூலிலிருந்து பிய்த்துச் சிதைத்த வரிகள் அவை. லெட்ராசெட் ஒட்டுத்தாள்களும், பின்னர் ஆல்டஸ் பேஜ்மேக்கர் மென்பொருளும் அவற்றைப் பரப்பின.

ஆனால் தமிழ்ப் பக்கத்துக்கு லத்தீன் உதவவே உதவாது. ‘நடத்தப்பட்டிருக்கின்றன’ போன்ற நீண்ட சொல் குறுகிய பத்தியில் எங்கே உடையும், ‘சு’வின் கீழ்க்கோடு அடுத்த வரியிலுள்ள ‘கீ’யின் மேல்சுழியில் இடிக்குமா என்பதெல்லாம் அதில் தெரியாது. தமிழ் இதழ் வடிவமைப்பவர்களே, பழைய இதழிலிருந்து ஒரு தமிழ்க் கட்டுரையைப் போட்டுப் பாருங்கள்.