கல்வி ஏழையின் வாசலுக்குச் செல்லட்டும்

1894-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், சுவாமி விவேகானந்தர் சிகாகோவிலிருந்து மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழைகளின் கல்வி பற்றி அதில் அவர் கூறிய கருத்துகள் இன்றும் ஊன்றிப் படிக்கத் தக்கவை.

ஊர்தோறும் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தாலும் ஏழைச் சிறுவர்கள் அதற்கு வரமாட்டார்கள் என்றார் சுவாமிஜி. படிப்பில் விருப்பமின்மை அதற்குக் காரணமன்று. வயலில் தந்தைக்குத் துணை நிற்பதும், எங்கேனும் நாலு காசு சம்பாதிப்பதும் அவர்களுக்குப் பள்ளியைவிட அவசரமான தேவைகளாக இருந்தன. ஆகவே, ஏழை கல்வியை நாடி வர இயலாதபோது, கல்வியே அவனை நாடிச் செல்ல வேண்டும் என்று அவர் முடிவு கண்டார்.

அதற்கு வழியும் காட்டினார். ஊர் ஊராகச் சென்று சமயம் போதிக்கும் துறவியருள் சிலர் உலகியல் அறிவையும் போதிக்கலாம். மாலைவேளையில் இருவர் படக்கருவி, பூகோள உருண்டை, தேசப்படங்கள் ஆகியவற்றுடன் ஒரு கிராமத்துக்குச் சென்றால், எழுத்தறியாதவர்க்கும் வானியலையும் புவியியலையும் கற்பிக்க முடியும். பல நாட்டு மக்களின் கதைகளைக் கூறிச் செவிவழியே அறிவை ஊட்ட முடியும்.

இத்திட்டத்தில் மூன்று அம்சங்கள் உள்ளன. முதலாவது, மாணவனுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம். இரண்டாவது, அக்காலத்தின் புதிய கருவிகள். மூன்றாவது, அக்கருவிகளை எடுத்துச் சென்று விளக்கும் மனிதர்.

எல்லையூர் உணர்த்தும் பாடம்

அன்றைய மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த ஊர்களுள் ஒன்று அத்திபெலே. இன்று அது பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதிக்குப் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வருகின்றனர்.

2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீக்கிரையாயின. உயிரிழந்தோர் 14 பேருக்கும் மேல். தருமபுரி, கள்ளக்குறிச்சி முதலிய தமிழக மாவட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் அவர்களுள் பலர். தீபாவளிக்கு முன் சில நாட்கள் உழைத்துப் பணம் ஈட்ட வந்த மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

விபத்தின் குற்றத்தை ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. மாணவர்கள் ஏன் அங்கே வேலைக்கு வர நேர்ந்தது என்று சிந்திப்பது சமுதாயத்தின் கடமை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அதன்பின் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகம், விடுதி என ஒவ்வொன்றும் ஏழைக் குடும்பத்துக்குப் பாரமாகிறது. மாணவன் விடுமுறையில் கூலி தேடுகிறான். சுவாமிஜி சுட்டிய இடர் 129 ஆண்டுகளுக்குப் பின்னரும் தீரவில்லை என்பதையே இது காட்டுகிறது.

கருவியும் மனிதரும்

தொழில்நுட்பம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் கருவிகளே சமமாகப் பகிரப்படவில்லை. 2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி பெற்ற வீடுகள் நகரங்களில் நூற்றுக்கு 42. கிராமங்களில் சுமார் 15. கணினி உள்ள கிராமத்து வீடுகள் நூற்றுக்கு நான்கு மட்டுமே.

2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதன் விளைவு வெளிப்பட்டது. வீட்டில் உள்ள ஒரே கைபேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால், பிள்ளைக்கு அன்று பாடம் இல்லை. அப்போது கர்நாடக அரசு ‘வித்யாகம’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களின் வீட்டில் என்ன கருவி உள்ளது, அல்லது எதுவுமே இல்லையா என்று கண்டறிந்து, அதற்கேற்பக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆசிரியர்கள் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். தொற்று பரவியதால் அவ்வாண்டு அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டமும் தன்னார்வலர்களைக் கொண்டு மாலைவேளையில் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கு அருகிலேயே பாடம் கற்பித்தது.

இரண்டு முயற்சிகளிலும் கற்பிப்பவர் மாணவனிடம் சென்றார். பூகோள உருண்டை தானாகப் பேசாது. அதைச் சுழற்றிக் காட்டிக் கதை சொல்ல ஒருவர் வேண்டும். கணினியும் அத்தகையதே. திரையில் தோன்றும் பாடம் தாய்மொழியில் இல்லையெனில், ஐயம் எழும்போது கேட்க ஆளில்லையெனில், விலையுயர்ந்த கருவியும் பயனற்றதாகும்.

அன்பர்கள் செய்யக்கூடியவை

இப்பணிக்குப் பெரும் நிதி இல்லாமலும் தொடக்கம் செய்யலாம். வாரம் இரண்டு மாலைகள் ஒரு தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று, ஒரு மடிக்கணினியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் விளக்கலாம். பிள்ளையின் தாய்மொழி அறிந்தவரை உடன் அழைத்துச் செல்வது நலம். கல்வி உதவித்தொகைக்கு இன்று பெரும்பாலும் இணையம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. சான்றிதழ்களைத் திரட்டவும் படிவத்தை நிரப்பவும் துணைநின்றால், ஒரு மாணவனின் ஆண்டுக் கட்டணத்துக்கு வழி பிறக்கக்கூடும். பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்கும் ஒருவரின் பேருந்துச் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம்.

பள்ளிக்கு வராத பிள்ளையைக் குறைகூறுவது எளிது. அவனைத் தடுப்பது எது என்று அவன் வீட்டு வாசலில் நின்று கேட்டறிவதே இச்சேவையின் முதற்படி. அங்கே கிடைக்கும் விடையே, எந்தக் கருவியுடன் எந்த நேரத்தில் மீண்டும் செல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக்கும்.