மாறும் பருவமும் சங்கத்தின் கடமையும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது முன்னோர் வாக்கு. ஆடி பிறந்ததும் விதைத்துவிடு என்று அவர்கள் கூறவில்லை. தேடி விதை என்றே கூறினார்கள். காவிரி டெல்டாவின் சிறு விவசாயிகளுக்கு அந்தத் தேடுதல் இன்று முன்னினும் கடினமாகிவிட்டது. அதனைத் தனித்தனியே செய்வது ஏன் அரிது, சங்கமாகச் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2022-லோ மே 24-லேயே திறக்கப்பட்டது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், மழை ஓய்ந்திருக்க வேண்டிய நாளில், முற்றிய கதிர்கள் நீரில் சாய்ந்தன. பூமி வெப்பமடையுந்தோறும் காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்குகிறது. ஆதலால் பெய்யும் மழை ஒரேயடியாகக் கொட்டுகிறது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்தே நாம் ஆயத்தமாக வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சி.ஆர். 1009 என்னும் பொன்மணி நெல்லுக்கு வயது ஏறக்குறைய 155 நாள். எந்த நெல்லும் அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்பு பூக்கும். ஆகஸ்டு நடுவில் நாற்றங்காலில் விதைத்தால் டிசம்பர் நடுவில் பூத்து, ஜனவரி நடுவில், அணை மூடுமுன்பே, அறுவடையாகும். செப்டம்பர் 30-ல் விதைத்தாலோ பிப்ரவரி 2-ல்தான் பூக்கும். தண்ணீர் நின்றபின் பூக்கும் பயிர் பதராகும். அதே நாளில் 135 நாள் இரகத்தை விதைத்திருந்தால் ஜனவரி 13-ல் பூத்து, பிப்ரவரி 12-ல் அறுவடைக்கு வரும். தாமதம் நேர்ந்தால் இரகத்தை மாற்ற வேண்டும் என்பதே இக்கணக்குக் கூறும் பாடம்.

ஆயினும் கணக்கறிந்த விவசாயி ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் ஊர்ப் பறவைகளும் எலிகளும் அவர் வயலிலேயே கூடும். அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கருக்காக வருவதில்லை. மேல் வயலின் நீர் அவர் வயலில் வடியும். நெசவாளர் அங்கத்தினருக்கு இது எளிதில் விளங்கும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடுபவர் வெயிலைப் பார்த்தே நாள் குறிக்கிறார். அப்போதும் பல கைகள் சேர்ந்தாலன்றிப் பாவு தேறாது.

ஆகவே சங்கம் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, கடனின் காலம். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, "கடன் கைக்கு வந்தபின் விதைக்கலாம் என்றிருந்தேன்" என்ற சொல்லை நாம் பலமுறை கேட்கிறோம். பதினைந்து நாள் தாமதித்த கடன், வட்டி குறைவாயினும், மகசூலில் பெரும் விலை கேட்கும். விதைப்புக்கு முன்பே மனுக்களைப் பெற்று முடிக்க வேண்டும்.

இரண்டாவது, விதை. தாழ்ந்த வயல்களுக்கு, இரு வாரம் வரை மூழ்கியும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப்-1 இரகத்தையும், காலம் தாழ்ந்தால் விதைக்க மத்திய கால இரகத்தையும் சேர்த்தே தருவித்து வைக்கலாம். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்தே அவ்வெள்ளம் தாங்கும் குணம் பெறப்பட்டது. தண்ணீர் தாமதிக்கும் ஆண்டில் நாற்றங்காலுக்குக் காத்திராமல் புழுதி விதைப்புச் செய்வதும் நன்று.

மூன்றாவது, வடிகால். வாய்க்காலைத் தூர் வாரும் நாம் வடிகாலை மறந்துவிடுகிறோம். ஐப்பசிக்கு முன் அனைவரும் கூடி வெட்டிவிடாவிடில் எந்த இரகமும் காப்பாற்றாது.

நான்காவது, காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1½ சதவீதமே. கடன் பெற்றவர் கட்டாயமாகச் சேரவேண்டும் என்ற விதி 2020-ல் நீங்கியது. ஆதலால் "கடன் வாங்கினோம், காப்பீடும் ஆகியிருக்கும்" என்று இருந்துவிடலாகாது; இரசீதைக் கேட்டுப் பெறுக.

கூட்டுறவு இயக்கமே பஞ்சத்தின் படிப்பினையில் வளர்ந்ததாகும். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கையும், 1901-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் பரிந்துரையும் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலின. அவ்வாண்டே திரூரில் தமிழ்நாட்டின் முதல் சங்கம் தோன்றிற்று. வானம் பொய்த்தபோது தனியொருவர் நிற்க முடியாது என்பதே அன்றைய படிப்பினை, இன்றும் அதுவே.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் விவாதிக்கச் சில வினாக்கள்:

1. நம் ஊரில் சென்ற ஐந்தாண்டுகளில் சம்பா விதைத்த நாள், பூத்த நாள், அறுத்த நாள் யாவை?

2. தண்ணீர் ஒரு மாதம் தாமதித்தால் விதைக்க நம்மிடம் எந்த விதை இருக்கிறது?

3. கடன் மனுக்களுக்குக் கடைசி நாளை எப்போது வைப்பது?

4. எந்த வடிகால் முதலில் வெட்டப்பட வேண்டும்? யார் யார் எந்நாளில் வருவார்கள்?

விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பீர்களாக. பருவம் நம் சொற்படி நடவாது. சங்கத்தின் நாட்களை நிர்ணயிப்பது நம் கையில்தான் உள்ளது.