பிள்ளைகளுக்கு கோடிங்: நமக்குத் தெரிந்த பாடம்தான்

கோடிங் என்றதும் பெற்றோர் தயங்குகிறார்கள். நாற்று விட்ட பிறகே நடவு, இது வரிசை. லுஹர் பர்ளு 4 ரக்அத், பயணத்தில் சுருக்கித் தொழுதால் 2, இது நிபந்தனை. கணினிக்கு இப்படிக் கட்டளை எழுதுவதே கோடிங். இந்தப் படிமுறைக்குரிய 'அல்காரிதம்' என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

2012இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோட் கிளப்'களில் தன்னார்வலர்கள் சிறுவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். 'ஸ்கிராட்ச்' மென்பொருளும் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம்.

நம் மஹல்லாவிலும் ஒரு பழைய கணினி, கல்லூரி மாணவர் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் இருந்தால் தொடங்கலாம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள், கல்வி இருபாலருக்கும் கடமை.