இந்தியப் பயணமும் வங்கி அட்டையும்

கண்டி மாவட்டத்திலிருந்து இந்தியா செல்லும் எம்மவர்களில் பலர் உல்லாசப் பயணிகள் அல்லர். வைத்தியத்துக்குப் போகிறார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்துப் போகிறார்கள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்து நீலகிரியில் வாழும் உறவுகளைப் பார்க்கப் போகிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவால் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இறங்கிய குடும்பம் ஒன்று இப்படிப் போக நேர்ந்தால், கையில் இருப்பது நகை அடகு வைத்த காசாகவோ, மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்பிய காசாகவோ இருக்கும். அதில் எவ்வளவு வழியிலேயே கரைகிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

எமது வங்கி அட்டையை இந்தியாவில் பாவிக்கும்போது, முதலில் விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனம் தனது வீதப்படி இந்திய ரூபாவை மாற்றுகிறது. அந்த வீதம் பொதுவாக மோசமானதல்ல. அதன்மேல் எமது வங்கி நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு கழிவு சேர்க்கிறது. இது வங்கிக்கு வங்கி வேறுபடும். இயந்திரத்தில் காசு எடுத்தால், ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணமும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இந்திய ரூபா எமது 3.50 ரூபா, வங்கிக் கழிவு நூற்றுக்கு 3, எடுக்கும் கட்டணம் தடவைக்கு 600 ரூபா என வைத்துக்கொள்வோம். 10,000 இந்திய ரூபாவை ஒரே தடவையில் எடுத்தால் 36,650 ரூபா போகும். பயந்து பயந்து 2,000 வீதம் ஐந்து தடவை எடுத்தால் 39,050. வித்தியாசம் 2,400 ரூபா. ஏறக்குறைய ஒரு சிறு குடும்பத்தின் சில நாள் அரிசியும் பருப்பும்.

காசு எடுக்கப் பற்று அட்டையே நல்லது. கடனட்டையில் காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். வைத்தியசாலைப் பற்றுச்சீட்டைக் கடனட்டையில் கட்டலாம். ஆனால் தவணைத் திகதிக்குள் முழுவதையும் அடைக்க வழி இருக்க வேண்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். சில கடைகளிலும் வைத்தியசாலைகளிலும் அட்டையைச் செருகியதும், “இலங்கை ரூபாவிலா, இந்திய ரூபாவிலா?” என்று இயந்திரம் கேட்கும். எமது ரூபா என்றால் கணக்கு விளங்கும் என்று பலர் அதையே அழுத்துகிறார்கள். அப்போது வீதத்தைத் தீர்மானிப்பது அந்த இயந்திரத்துக்குரியவர்கள். 20,000 இந்திய ரூபாச் சீட்டுக்கு, மேற்சொன்ன கணக்கின்படி கழிவோடு 72,100 ரூபா வரும். இயந்திரம் 3.75 வீதம் போட்டால் 75,000. சில வங்கிகள் இதற்கு மேலும் தம் கழிவை எடுக்கும். ஆகவே எப்போதும் இந்திய ரூபாவையே தெரிவு செய்யுங்கள். காசாளர் கேளாமலே அழுத்தப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தெரிவு செய்யும் உரிமை அட்டைக்காரருடையது.

மகள் அனுப்பும் டொலரை வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே வைத்து, அதற்குரிய அட்டையைக் கொண்டுபோனால் நல்லதா என்று கேட்பவர்களும் உண்டு. டொலரை எமது ரூபாவாக மாற்றும் நட்டம் தவிரும். டொலரிலிருந்து இந்திய ரூபாவுக்கு மாற்றும் கழிவு அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டில் தேநீர்க்கடைகூடச் சதுரக் குறியீட்டுப் பலகை வைத்திருக்கிறது. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூ.பி.ஐ. முறை இலங்கையிலும் ஏற்கப்படுகிறது. ஆனால் அது இங்கு வரும் இந்தியப் பயணிகளின் வசதிக்கானது. அதை நம்பி எமது அட்டையோடு தேநீர்க்கடைக்குப் போக முடியாது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு வேண்டும்.

புறப்படுமுன் கண்டிக்கு வரும் நாளில் வங்கிக்குப் போய், வெளிநாட்டுக் கழிவு நூற்றுக்கு எவ்வளவு, காசு எடுக்கத் தடவைக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கேளுங்கள். “எல்லா அட்டையும் ஒன்றுதான்” என்ற பதிலோடு திரும்பாமல், அச்சிட்ட கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் இரண்டிலும் கேட்டு, கழிவு குறைந்த அட்டையைக் கொண்டுபோங்கள். அட்டை வெளிநாட்டில் வேலை செய்யத் திறக்கப்பட்டுள்ளதா என்பதையும் அங்கேயே உறுதிசெய்யுங்கள். வங்கி இரகசிய இலக்கம் அனுப்பும் தொலைபேசி இலக்கம் இந்தியாவிலும் இயங்க வேண்டும். அதைத் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி ஏற்பாடு செய்யலாம்.