பிழை திருத்தும் தொண்டு

இணையப் பக்கங்களை உருவாக்கக் கற்போருக்கு உதவும் இணையக் கையேடு 'எம்டிஎன்'. இதனை மொசில்லா 2005ஆம் ஆண்டு தொடங்கியது. இதிலுள்ள பிழைகளை எவரும் திருத்த முன்வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டு ஒன்றில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் நிரல் இயங்காது. புதிதாகக் கற்பவரோ, பிழை தம்முடையதே என மயங்குவார்.

பிழையைக் கண்டவர், 'கிட்ஹப்' தளத்தில் உள்ள மூலப் பக்கங்களைத் தம் கணக்கில் படியெடுத்து, அதில் திருத்தம் செய்து, காரணத்துடன் அனுப்ப வேண்டும். சரிபார்ப்போர் அதனை ஆராய்வர். ஐயம் எழுந்தால் வினவுவர். அவர்கள் ஏற்ற பின்னரே மூலப் பக்கம் மாறும். ஒரு குறியைச் சேர்ப்பதும் பலருக்குப் பயன்படும் தொண்டே.

சொற்பொருள்: நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, ஐயம் – சந்தேகம்.

வினா: திருத்தத்துடன் காரணத்தையும் அனுப்புவது ஏன்?