தயிர் டப்பாவும் தாவும் சிலந்தியும்

முருங்கை இலையில் உட்கார்ந்து என்னையே திரும்பிப் பார்த்தது ஒரு தாவும் சிலந்தி. மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காத அந்த முகம் படம் முழுக்க நிறைய வேண்டும் என்ற ஆசைதான் என்னை 1:1 மேக்ரோ லென்ஸைத் தாண்டிப் போக வைத்தது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1 என்றால் 36 மில்லிமீட்டர் அகலம் அடங்கும். ஐந்து மடங்குக்குப் போனால் அடங்குவது 7.2 மில்லிமீட்டர்தான்.

அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய 28 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டித்தான் தொடங்கினேன். இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. எக்ஸ்டென்ஷன் டியூப் சேர்த்தால் இன்னும் ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன். வளையம் இல்லாத லென்ஸ் மட்டும் வேண்டாம். திருப்பி மாட்டியதும் கேமராவோடு இருந்த மின்தொடர்பு அறுந்துவிடும், அப்பர்ச்சரை மாற்ற வழியிருக்காது.

நான் அதிக நாள் தவித்தது வேறொன்றில். எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்று அப்பர்ச்சரை f/16-க்கு மூடி மூடி எடுத்தேன். எல்லாமே மங்கல். லென்ஸைச் சந்தேகப்பட்டேன். லென்ஸில் குறையில்லை. எத்தனை மடங்கோ அதோடு ஒன்றைக் கூட்டி அப்பர்ச்சர் எண்ணால் பெருக்குங்கள்: நான்கு மடங்கில் f/16 என்பது ஏறக்குறைய f/80. அவ்வளவு சின்ன துளையில் ஒளி சிதறித்தான் போகும். இப்போது நான்கு மடங்கில் f/4, மிஞ்சினால் f/5.6. அதில் தெளிவாக விழும் ஆழம் ஒரு தாள் கனம்தான். அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிக்கான் ஃபோகஸ் அல்லது ஜெரீன் ஸ்டேக்கர் மென்பொருளில் ஒன்றாக்குகிறேன்.

அடுத்தது வெளிச்சம். லென்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். வெறும் ஃபிளாஷில் சிலந்தியின் நடுக்கண் இரண்டிலும் ஊசி குத்தியது போல வெள்ளைப் புள்ளி விழுந்தது, முகத்து முடியெல்லாம் வெளுத்துப் போனது. வெள்ளைத் தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு லென்ஸில் நுழைத்து, உள்ளே பேக்கிங் ஃபோம் ஒரு சுற்று ஒட்டினேன். அதே சிலந்தி. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது, கண்ணில் மெல்லிய பிறை போல ஒளி.

பணம் சேர்ந்த பிறகு லாவோவா 25 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். இரண்டரையிலிருந்து ஐந்து மடங்கு வரை போகும். கேனான் எம்பி-ஈ 65 ஒன்றிலிருந்து ஐந்து வரை போகும், அப்பர்ச்சரும் கேமராவிலிருந்தே மாறும், ஆனால் கனம். இரண்டிலும் ஐந்து மடங்கில் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். லாவோவாவின் முனை ஒடுக்கம் என்பதால் அந்த இடுக்கிலும் வெளிச்சம் நுழைகிறது. அதற்காகவே அதை எடுத்தேன்.

பத்து மடங்குக்கு மைக்ராஸ்கோப் அப்ஜெக்டிவ்தான். உடம்பில் 160 என்று பொறித்திருந்தால் டியூபில் நேரே மாட்டலாம். முடிவிலிக் குறி இருந்தால் நடுவில் 200 மி.மீ. லென்ஸ் ஒன்று வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நகர வேண்டும், அது கைக்கு அடங்காது, கேமராவை நகர்த்தும் மோட்டார் ரெயில் வேண்டும். ஜன்னலோரம் செத்துக் கிடந்த பட்டாம்பூச்சியின் இறகை ராத்திரி பதினொரு மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்தி, தெருவில் லாரி ஓட்டம் அடங்கிய பிறகுதான் எடுத்து முடித்தேன். மொத்தம் 140 படங்கள்.